இருமினாலே கசிகிறது, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு, இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதற்கு ஆபரேஷன் இருக்கிறது என்று நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று பிறகு வந்த கேள்விகளைப் பார்த்ததும் புரிந்தது. ஏறக்குறைய எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், அதனால் வயதை மட்டும் போட்டிருக்கிறேன். இந்த இதழ் முழுக்க இந்த ஒரே விஷயம்தான்.

எனக்கு 44 வயது. இரண்டும் சுகப்பிரசவம். இருமினால், வேகமாக நடந்தால், கனமான எதையாவது தூக்கினால் கசிகிறது. ஒரு சின்ன டேப் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். இறங்கிப்போன சிறுநீர்ப்பையை ஒரு நாடா எப்படித் தூக்கிப் பிடிக்கும்? அறுந்துவிடாதா?

நாடா சிறுநீர்ப்பையைத் தூக்கிப் பிடிப்பதே இல்லை. முதலில் இது தெளிவாகிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய்க்கு யூரித்ரா என்று பெயர். பெண்களுக்கு அது சுமார் 4 சென்டிமீட்டர்தான். அந்தக் குழாய் யோனியின் முன்சுவர் மேல் படுத்திருக்கிறது. அந்தச் சுவரும் தன்னால் நிற்பதில்லை, இரண்டு பக்கமும் நார்த்திசு அதை இடுப்பின் உட்புறத்தோடும் இடுப்புத்தளத் தசைகளோடும் இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது. குழந்தையைப் போடும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கும், நடுவில் குழாய் படுத்திருக்கும். ஜான் டிலான்சி என்ற அமெரிக்க மருத்துவர் உடலின் இந்தப் பகுதியை நுணுக்கமாக ஆராய்ந்து 1994-இல் விளக்கிய அமைப்பு இதுதான், அவரும் ஏறக்குறைய தூளி என்ற பொருள் தரும் சொல்லைத்தான் பயன்படுத்தினார்.

சரி, இப்போது இருமுகிறீர்கள். வயிற்றுக்குள் அழுத்தம் எகிறுகிறது. அது சிறுநீர்ப்பையின் மேல் விழுந்து சிறுநீரை வெளியே தள்ளப் பார்க்கிறது. அதே நொடியில் அதே அழுத்தம் குழாயின் மேலும் விழுகிறது, அடியில் தூளி விறைப்பாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். உங்கள் மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தை விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள், துடிப்பு நின்றுவிடும், ஏனென்றால் அடியில் எலும்பு இருக்கிறது. அடியில் வெறும் மெத்தென்ற சதை மட்டும் இருந்தால் அந்த ரத்தக்குழாய் விரலோடு சேர்ந்து உள்ளே போகுமே தவிர மூடாது. உங்கள் யூரித்ராவுக்கு நடந்திருப்பது இந்த இரண்டாவது விஷயம். தூளி தளர்ந்துவிட்டது, இருமும்போது குழாய் மூடுவதற்குப் பதிலாகக் கீழே நழுவுகிறது.

தூளி ஏன் தளர்கிறது? பெரிய காரணம் பிரசவம். சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் இடுப்புத்தளத் தசையின் உட்பகுதி அதன் வழக்கமான நீளத்தைப்போல 3 மடங்குக்கும் மேல் நீள்கிறது என்று கம்ப்யூட்டர் மாதிரிகளில் கணக்கிட்டிருக்கிறார்கள். உடலின் வேறு எந்தத் தசையும் அப்படி இழுபட்டால் கிழிந்துபோகும். பெரும்பாலானவர்களுக்கு அது மீண்டுவிடுகிறது, சிலருக்கு முழுதாக மீள்வதில்லை. அதோடு உடல் எடை, வருடக்கணக்கான நாள்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குவது, வயது, மாதவிடாய் நின்ற பிறகு திசு மெலிவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. நீங்கள் சரியாக உட்காரவில்லை, பிரசவத்துக்குப் பிறகு ஓய்வெடுக்கவில்லை என்று யாராவது குற்றம் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதற்கான பழைய ஆபரேஷன்கள் உண்மையிலேயே தூக்கிக் கட்டியவைதான். ஜான் பர்ச் என்பவர் 1961-இல் எழுதிய முறையில், சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதிக்கு இரண்டு பக்கமும் உள்ள திசுவில் தையல் போட்டு, அந்தத் தையல்களை முன்பக்க இடுப்பெலும்பின் பின்னால் இருக்கும் உறுதியான ஒரு நாரில் கட்டுவார்கள். நல்ல ஆபரேஷன், இன்றும் செய்கிறார்கள், லேப்ராஸ்கோப்பி வழியாகவும் செய்யலாம். 1990-களில் ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் பெட்ரோஸும் வேறு மாதிரி யோசித்தார்கள். கழுத்தைத் தூக்குவது அவசியமில்லை, குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் தளர்ந்துபோன பிடிமானத்தை மட்டும் திரும்பக் கொடுத்தால் போதும் என்றார்கள். அதன் அடிப்படையில் உல்ம்ஸ்டன் குழுவினர் 1996-இல் வெளியிட்ட முறைதான் இன்று உங்கள் டாக்டர் சொல்லும் டேப்.

பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலில் வலை மாதிரிப் பின்னிய, சுமார் 1 சென்டிமீட்டர் அகல நாடா அது. யோனியின் முன்சுவரில், குழாயின் நடுப்பகுதிக்கு நேர் கீழே சின்னதாக ஒரு வெட்டு. அதன் வழியாக நாடாவைக் குழாய்க்கு அடியில் வைத்து, இரண்டு முனைகளையும் முன்பக்க இடுப்பெலும்பின் பின்புறமாக அடிவயிற்றுத் தோல்வரை கொண்டுவருவார்கள், அல்லது இரண்டு தொடை இடுக்குகளின் பக்கமாகக் கொண்டுவருவார்கள். இந்த இரண்டாவது பாதை 2001-இல் பிரான்சிலிருந்து வந்தது. எங்கேயும் முடிச்சுப் போடுவதில்லை. நாடாவின் சொரசொரப்பே திசுவில் பிடித்துக்கொள்ளும், சில வாரங்களில் வலைக்கண்களுக்குள் உங்கள் சொந்தத் திசு வளர்ந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஆகவே அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். முதன்முதலில் இந்த டேப் வைத்துக்கொண்ட பெண்களில் ஒரு குழுவை 17 வருடம் கழித்துப் பரிசோதித்தபோது, பரிசோதனைக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருமினாலும் கசியவில்லை.

இன்னொன்று. இந்த ஆபரேஷனில் எதையும் இறுக்கிக் கட்டுவதில்லை. நாடாவுக்கும் குழாய்க்கும் நடுவில் கத்தரிக்கோல் முனையை நுழைத்து இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவோம். சும்மா இருக்கும்போது நாடா வேலை செய்யவே கூடாது, இருமும் அந்த நொடியில் மட்டும் குழாய் வந்து அதன் மேல் சாய வேண்டும். "நல்லா டைட்டா கட்டிடுங்க டாக்டர்" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், இறுக்கினால் என்ன ஆகும் என்று கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

வயது 38. ஆபரேஷன் கேட்டுப் போனால், மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். தட்டிக்கழிக்கிறார்களா?

இல்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். தூளியில் நார் மட்டும் இல்லை, தசையும் இருக்கிறது. நாரைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது, தசையைப் பலப்படுத்தலாம். ஆர்னால்ட் கீகல் என்ற மருத்துவர் 1948-இல் எழுதிய பயிற்சி இன்றும் முதல் சிகிச்சையாக இருப்பது இதனால்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பயிற்சியை யாராவது உங்களுக்குச் செய்து காட்டினார்களா, இல்லை ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்களா? தாள் வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் வயிற்றையும் தொடையையும் இறுக்குகிறார்கள், சிலர் மூச்சை அடக்கி முக்குகிறார்கள், அது நேர் எதிரான வேலை. வாயு வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயையும், கூடவே சிறுநீரை நிறுத்துவது போல முன்பக்கத்தையும் உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும், மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறையாவது, நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். பெண்கள் நலத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்து, சரியான தசைதான் சுருங்குகிறதா என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே அந்தத் தசையை இறுக்கப் பழகுங்கள், அந்த ஒரு பழக்கமே பலருக்குக் கசிவைக் குறைக்கிறது.

எடை அதிகமாக இருந்தால் அதையும் பாருங்கள். எடை கூடிய 338 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீதம் எடை குறைத்தவர்களுக்கு வாரத்துக்குக் கசியும் தடவைகள் 47 சதவீதம் குறைந்தன, வெறும் அறிவுரை வகுப்புக்குப் போனவர்களுக்கு 28 சதவீதம்தான்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 460 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பயிற்சி, ஒரு பாதிக்கு டேப் ஆபரேஷன் என்று கொடுத்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, நன்றாக முன்னேற்றம் இருக்கிறது என்று சொன்னவர்கள் ஆபரேஷன் பக்கம் 91 சதவீதம், பயிற்சிப் பக்கம் 64 சதவீதம். அதிலும் பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நடுவில் ஆபரேஷனுக்கு மாறிக்கொண்டவர்கள். ஆய்வில் சேர்ந்த எல்லோருக்குமே கசிவு ஓரளவுக்குமேல் கடுமையாகவே இருந்தது. ஆகவே மூன்று மாதம் முறையாகச் செய்தும் தினசரி வாழ்க்கை முடங்கியே இருந்தால், இன்னும் ஆறு மாதம் செய் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

52 வயது. இருமினாலும் கசிகிறது. அது போதாதென்று, திடீரென்று அவசரமாக வந்து பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறது. ஆபரேஷன் செய்தால் இரண்டும் நின்றுவிடுமா?

முதலாவதுக்குத்தான் ஆபரேஷன். இரண்டாவது வேறு நோய். அங்கே சிறுநீர்ப்பையின் தசை உங்கள் அனுமதி இல்லாமல் தானாகவே சுருங்குகிறது, அடியில் எவ்வளவு நல்ல பிடிமானம் வைத்தாலும் அது சுருங்குவதை நிறுத்த முடியாது. சிலருக்கு டேப் வைத்தபின் இந்த அவசரமும் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்குப் புதிதாக வருகிறது அல்லது கூடுகிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் ஆபரேஷன் செய்துவிட்டால், ஆபரேஷன் நன்றாக நடந்திருந்தும் அந்தப் பெண் ஏமாந்துபோனதாக உணர்வார், அந்த ஏமாற்றம் நியாயமானதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், எப்போது கசிந்தது, அந்த நேரம் இருமினீர்களா, அவசரம் வந்ததா. மூன்று நாள் நோட்டு எனக்குச் சொல்வதை அரைமணி நேரப் பேச்சு சொல்வதில்லை. அதில் அவசரம்தான் அதிகம் என்று தெரிந்தால், சிறுநீர்ப்பையைப் பழக்கும் பயிற்சியும் மாத்திரையும் முதலில். இருமல் கசிவுதான் அதிகம் என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.

யூரோடைனமிக் என்ற அழுத்தப் பரிசோதனை எல்லோருக்கும் வேண்டுமா என்று இன்னொரு வாசகியும் கேட்டிருக்கிறார். இருமினால் மட்டும் கசிகிறது, டாக்டர் முன்னால் இருமியபோது கசிந்ததை அவரே பார்த்துவிட்டார், சிறுநீர் முழுதாக வெளியேறுகிறது, கிருமி இல்லை என்றால் தேவையில்லை. 2012-இல் வந்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 630 பெண்களில், அந்தப் பரிசோதனை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஆபரேஷனின் பலன் ஒரே மாதிரி, இரண்டு பக்கமும் 77 சதவீதம் அளவில் இருந்தது. உங்களைப் போல இரண்டும் கலந்திருப்பவர்களுக்கும், ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் செய்தவர்களுக்கும், சிறுநீர் முழுதாக இறங்காதவர்களுக்கும் அது அவசியம்.

57 வயது. மெஷ் வைத்த பெண்கள் வலியால் வாழ்க்கையே போய்விட்டது என்று பேசும் வீடியோக்களைப் பார்த்தேன், சில நாடுகளில் தடையே செய்துவிட்டார்களாமே. பயமாக இருக்கிறது. மெஷ் இல்லாமல் வழி இருக்கிறதா?

இருக்கிறது. வழியைச் சொல்வதற்கு முன் அந்தப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னது உண்மை. பல வருடம் மருத்துவர்கள் அதைக் கேட்கவில்லை, மனக்கவலை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், அது எங்கள் துறையின் தவறு.

இனி விவரம். மெஷ், அதாவது வலை, என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஆபரேஷன்களைச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஒன்று, கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கிவிட்ட அடியிறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கும் பெரிய வலைத் துண்டு. இன்னொன்று, கசிவுக்கு வைக்கும் இந்த மெல்லிய நாடா. பெரிய துண்டில் பிரச்சினைகள் மிக அதிகம், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2019 ஏப்ரலில் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. நாடாவை அந்த உத்தரவு தொடவில்லை. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் நாடாவையும் சேர்த்தே நிறுத்திவைத்தார்கள், பிறகு 2020-இல் வந்த விசாரணை அறிக்கை, பாதிக்கப்பட்ட பெண்களின் குரல் எவ்வளவு காலம் புறக்கணிக்கப்பட்டது என்று விரிவாகப் பேசியது. வேறு பல நாடுகளில் நாடா இன்றும் மிகச் சாதாரணமாகச் செய்யப்படுகிறது.

நாடாவில் என்ன கெடுதல் வரலாம்? யோனிச் சுவரை அரித்துக்கொண்டு நாடா வெளியே தெரியலாம், நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு. அரிதாகக் குழாய்க்குள்ளோ சிறுநீர்ப்பைக்குள்ளோ போகலாம். உடலுறவில் வலி வரலாம். நாள்பட்ட வலி சிலருக்கு வருகிறது, எண்ணிக்கை சின்னது, ஆனால் வந்தவருக்கு அது சின்னதாக இருப்பதில்லை. பாதையைப் பொறுத்தும் மாறும். 2010-இல் 597 பெண்களை வைத்து இரண்டு பாதைகளையும் ஒப்பிட்டார்கள். கசிவு நின்றது அடிவயிற்றுப் பாதையில் 81 சதவீதம், தொடைப் பாதையில் 78 சதவீதம், பெரிய வித்தியாசம் இல்லை. அடிவயிற்றுப் பாதையில் ஊசி சிறுநீர்ப்பையைத் துளைப்பது சுமார் 5 சதவீதம் நடந்தது, அதனால்தான் ஆபரேஷன் மேஜையிலேயே சிஸ்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்க்கிறோம், துளைத்திருப்பது தெரிந்தால் ஊசியை எடுத்து மறுபடி சரியாகப் போட்டுவிடலாம். சிறுநீர் இறங்காமல் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதும் அந்தப் பாதையில்தான், 2.7 சதவீதம். தொடைப் பாதையில் மரத்துப்போவது, கால் பலவீனம் போன்ற நரம்புத் தொந்தரவு அதிகம், 9.4 சதவீதம், மற்றதில் 4 சதவீதம்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்தச் சதவீதங்கள் இல்லை. நாடா வைப்பது அரைமணி நேர வேலை. திசு அதற்குள் வளர்ந்துவிட்ட பிறகு முழுதாக வெளியே எடுப்பது மிகக் கடினம், எடுத்தாலும் வலி போகும் என்று உறுதி இல்லை. நிரந்தரமாக உடலில் இருக்கப்போகிற ஒரு பொருள் என்று தெரிந்து, யோசித்து, சம்மதிக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கையெழுத்துக்கு நீட்டும் தாளில் அந்த யோசனை நடக்காது.

மெஷ் வேண்டாம் என்றால் இரண்டு பெரிய வழிகள். ஒன்று முதல் கேள்வியில் சொன்ன பர்ச் தையல். இன்னொன்று உங்கள் சொந்தத் திசுவிலேயே தூளி கட்டுவது, அதாவது அடிவயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறுதியான உறையிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு பட்டை வெட்டியெடுத்து, சிறுநீர்ப்பைக் கழுத்துக்கு அடியில் வைத்து மேலே கட்டுவது. அமெரிக்காவில் 655 பெண்களை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து இருமல் கசிவு இல்லாதவர்கள் சொந்தத் திசுவில் 66 சதவீதம், பர்ச்சில் 49 சதவீதம். ஆனால் சொந்தத் திசு வைத்தவர்களுக்குச் சிறுநீர்க் கிருமித் தொற்றும், சிறுநீர் கழிக்கச் சிரமமும், அவசரக் கசிவும் அதிகம். இரண்டுமே டேப்பைவிடப் பெரிய ஆபரேஷன், குணமாக அதிக நாளாகும், பர்ச்சுக்குப் பிறகு சில வருடங்களில் யோனியின் பின்சுவர் இறங்கும் வாய்ப்பும் உண்டு.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, குழாயின் சுவருக்குள் ஜெல் ஊசி போட்டுப் பருமனாக்குவது. இது தூளியைத் திருப்பித் தருவதில்லை, உள்வாயைச் சின்னதாக்குகிறது, அவ்வளவுதான். மயக்கமருந்து தாங்காதவர்களுக்கும், பெரிய ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கும் நல்லது. பலன் குறைவு, மறுபடி போட வேண்டி வரலாம்.

உங்கள் டாக்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், உங்களிடம் செய்துகொண்டவர்களுக்கு என்னென்ன தொந்தரவு வந்தது, பிரச்சினை வந்தால் நாடாவை எடுப்பது நீங்களா வேறு யாராவதா. முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள்.

31 வயது, இன்னொரு குழந்தை வேண்டும். இப்போதே செய்துகொள்ளலாமா?

பொறுங்கள். ஆபரேஷன் கர்ப்பத்தைத் தடுக்காது, ஆனால் அடுத்த கர்ப்பமும் பிரசவமும் நீங்கள் சரிசெய்துகொண்டதை மறுபடி தளர்த்திவிடலாம். அதுவரை பயிற்சி, தேவைப்பட்டால் யோனிக்குள் வைத்து எடுக்கும் சிலிகான் வளையம், இரண்டும் போதும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதத்தில் தானாகவே குறைகிறவர்களும் நிறைய. நிறைய யோசித்தும் உங்கள் வாழ்க்கை கசிவால் அடியோடு முடங்கியிருக்கிறது என்றால் செய்யக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, தெரிந்து முடிவெடுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை நோய் இருக்கிறது. கசிவுக்குப் பயந்து வெளியே வருவதையும் தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டார். இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள் உறவினர்கள்.

வயது மட்டும் காரணமாக மறுக்கக்கூடாது. டேப் ஆபரேஷனை முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோகூடச் செய்யலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் வர வேண்டும், இல்லையென்றால் புண் ஆறுவதும் கிருமித் தொற்றும் சிக்கலாகும். அதைவிட முக்கியமாக, பல வருடச் சர்க்கரையில் சிறுநீர்ப்பையின் நரம்பே மந்தமாகி, பை நிரம்பி வழிவதும் உண்டு. அதுவும் வெளியிலிருந்து பார்த்தால் கசிவு மாதிரியே இருக்கும், அதற்கு டேப் வைத்தால் நிலைமை மோசமாகும். சிறுநீர் கழித்ததும் ஸ்கேனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தண்ணீரைக் குறைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அடர்த்தியான சிறுநீர் எரிச்சலையும் அவசரத்தையும் கூட்டும், மலச்சிக்கலும் வரும். அப்புறம், அம்மா வெளியே வருவதை விட்டதை நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பல வீடுகளில் அதை யாரும் கவனிப்பதே இல்லை.

என் மனைவிக்கு அடுத்த வாரம் டேப் ஆபரேஷன். வீட்டில் நான் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

கேட்டதற்கு நன்றி. பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே தெரியும், சிக்கலே அங்கேதான் ஆரம்பம். நாடாவைத் திசு பிடித்துக்கொள்ளும் வாரங்கள் அவை. நான்கிலிருந்து ஆறு வாரம் கனமான எதையும் அவர் தூக்கக்கூடாது, தண்ணீர்க் குடம், துணி வாளி, குழந்தை எல்லாம் நீங்கள். உடலுறவும் அதே காலம் வேண்டாம். நடக்கலாம், நடப்பது நல்லது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருமல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அதைக் குணப்படுத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் ரத்தக் கசிவு சில நாள் இருக்கும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அதிக ரத்தம், காலில் தாங்க முடியாத வலி, சிறுநீர் வராமல் அடிவயிறு உப்புதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மூன்று வாரத்துக்கு முன் டேப் வைத்தார்கள். கசிவு சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் சிறுநீர் நூல் மாதிரிதான் வருகிறது, முன்னால் குனிந்து முக்கினால்தான் போகிறது, போனபிறகும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது. போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். 49 வயது.

காத்திருக்காதீர்கள். வீக்கத்தால் முதல் சில நாள் சிறுநீர் மெதுவாக இறங்குவது சாதாரணம், அதற்காகத்தான் சிலரைக் கதீட்டரோடு, அதாவது சிறுநீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாயோடு, அனுப்புகிறோம். மூன்று வாரம் ஆகியும் முக்க வேண்டியிருந்தால் நாடா தேவைக்கு மேல் இறுகியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அடியில் இருந்து தாங்க வேண்டிய நாடா, எந்நேரமும் குழாயை அழுத்திக்கொண்டிருக்கிறது. கசிவு நின்றதே என்ற சந்தோஷத்தில் இதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் பலர், ஆனால் பையில் தேங்கும் சிறுநீரில் கிருமி வளரும், பையின் தசை முக்கி முக்கிக் களைத்துப்போகும், அவசரக் கசிவு புதிதாகக் கிளம்பும்.

இந்த வாரமே போய், சிறுநீர் கழித்ததும் ஸ்கேன் எடுத்து மிச்சத்தின் அளவைக் கேளுங்கள். அதிகமாக இருந்தால், பை காலியாவதற்குத் தற்காலிகமாகச் சின்னக் கதீட்டரை நீங்களே போட்டு எடுக்கக் கற்றுத்தருவார்கள், கேட்கும்போது பயமாக இருந்தாலும் இரண்டு நாளில் பழகிவிடும். முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் என்றால் நாடாவைக் கொஞ்சம் கீழே இழுத்துத் தளர்த்திவிட முடியும். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டியிருக்கலாம், திசு பிடித்திருக்கும், அப்படியென்றால் நாடாவை ஒரு இடத்தில் வெட்டிவிடுவார்கள். சின்ன வேலைதான், அநேகமாகச் சிறுநீர் உடனே நன்றாக இறங்கும். வெட்டினால் கசிவு பழையபடி வந்துவிடுமே என்று நினைப்பீர்கள். சிலருக்கு வருகிறது. பலருக்கு வருவதில்லை, ஏனென்றால் அதற்குள் நாடாவின் இரண்டு பக்கமும் திசுவோடு சேர்ந்து ஓரளவு பிடிமானம் உருவாகியிருக்கும். போகும்போது, ஆபரேஷன் செய்த தேதியும் எந்தப் பாதையில் நாடா வைத்தார்கள் என்பதும் எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதே டாக்டர் கிடைக்காவிட்டால் வேறு ஒருவர் அதைப் பார்த்து வேலையைத் தொடங்கலாம்.